தூரமானிக் காமிராவின் கதை



சரித்திரச் சான்றுகள் என்றதும் கல்வெட்டுகளும் செப்பேடுகளும் பழைய நாணயங்களுமே நம் நினைவுக்கு வருகின்றன. சென்ற நூற்றாண்டின் சரித்திரத்தை எழுதப் புகுவோருக்கு இவற்றோடு மற்றொரு சான்றும் உண்டு. 35 மில்லிமீட்டர் அகலமுள்ள பிலிம் சுருள்களே அச்சான்று. போர்க்களங்களும், அகதிகளின் நெடும் பயணங்களும், தலைவர்களின் இறுதி யாத்திரைகளும், தெருவில் விளையாடும் குழந்தைகளின் சிரிப்பும் அச்சுருள்களிலே பதிந்து கிடக்கின்றன. அவற்றுள் புகழ்பெற்ற பலவற்றைப் பதிவு செய்த கருவி மிகச் சிறியது. இரு கைகளுக்குள் அடங்கிவிடும். பித்தளைப் பற்சக்கரங்களாலும் வில்சுருள்களாலும் இயங்குவது, மின்சாரம் வேண்டாதது. தூரமானிக் காமிரா என்று அதனைத் தமிழில் கூறலாம். கடைக்காரர்கள் ‘ரேஞ்ச்பைண்டர் காமிரா’ என்பர்.

கைப்பேசியிலேயே நொடிக்கு நொடி படம் எடுக்க முடிகிற இந்நாளிலும், கல்லூரி மாணவர் சிலர் இப்பழைய காமிராக்களைத் தேடிப் பிடித்து வாங்குகின்றனர். ‘இதென்ன வீண் வேலை?’ என்று வீட்டிலுள்ள பெரியவர்கள் கேட்பதும் உண்டு. அக்கேள்விக்கு விடை சொல்ல வேண்டுமானால், இக்கருவி எப்படிப் பிறந்தது, யார் யார் கைக்குச் சென்றது, எதற்குப் பயன்பட்டது என்பவற்றைப் பார்த்தாக வேண்டும். அவ்வாறு பார்த்தவருக்கே அதனைச் சோதித்து வாங்கும் முறையும் கையாளும் முறையும் எளிதில் விளங்கும்.

முதலில் தூரமானி என்பது யாது என்று பார்ப்போம். வலக் கையை முன்னே நீட்டிக் கட்டைவிரலை நிமிர்த்திக்கொள்ளுங்கள். இடக் கண்ணை மூடி, வலக் கண்ணால் விரலைப் பாருங்கள். பிறகு கண்ணை மாற்றிப் பாருங்கள். விரல் இடம் பெயர்ந்தது போலத் தோன்றும். விரல் முகத்துக்கு அருகில் வரும்போது இப்பெயர்ச்சி மிகும். விலகிச் செல்லும்போது குறையும். இரண்டு கண்களுக்கும் இடையேயுள்ள தூரத்தை அடிக்கோடாகவும் விரலை உச்சியாகவும் கொண்ட ஒரு முக்கோணம் இங்கே அமைகிறது. அடிக்கோட்டின் நீளமும் கோணங்களும் தெரிந்தால், உச்சிக்குள்ள தூரத்தைக் கணக்கிட்டுவிடலாம். பத்தாம் வகுப்பு மாணவரும் அறிந்த கணக்கு இது.

இதே கணக்கைக் கொண்டுதான் நம் நாட்டையே அளந்தார்கள். 1802-ஆம் ஆண்டில் வில்லியம் லாம்ப்டன் என்பவர் சென்னைப் பரங்கிமலைக்கு அருகே ஏறத்தாழ 12 கிலோமீட்டர் நீளமுள்ள ஓர் அடிக்கோட்டைச் சங்கிலி கொண்டு அளந்தார். அக்கோட்டிலிருந்து முக்கோணம் முக்கோணமாக விரிந்த அளவீடு நாளடைவில் இமயமலை வரை சென்றது. தூரமானிக் காமிராவில் அடிக்கோடு சில சென்டிமீட்டர்தான். ஆயினும் வடிவக் கணிதம் ஒன்றே.

இக்காமிராவின் முகப்பில், மேற்புறத்தில், சற்று இடைவெளி விட்டு இரண்டு சாளரங்கள் இருக்கும். ஒன்றின் வழியே நாம் காட்சியை நேராகக் காண்கிறோம். மற்றொன்றின் வழியே புகும் ஒளி கண்ணாடிகளால் திருப்பப்பட்டு, அதே காட்சியின் நடுவே ஒரு சிறு ஒளித்திட்டாக வந்து விழுகிறது. ஆகவே நடுவிலுள்ள பொருள் இரட்டையாகத் தெரியும். லென்ஸின் வளையத்தைச் சுழற்றினால் உள்ளேயிருக்கும் நெம்புகோல் ஒன்று கண்ணாடியைச் சிறிதளவு திருப்பும். இரண்டு உருவங்களும் ஒன்றன்மேல் ஒன்று பொருந்திய கணத்தில் தூரம் அளக்கப்பட்டுவிட்டது. லென்ஸும் அத்தூரத்துக்கு ஏற்பப் போகஸ் செய்யப்பட்டுவிட்டது.

இச்சாதனம் முதலிற் பிறந்தது காமிராவுக்காக அன்று, பீரங்கிக்காக. 1888-ஆம் ஆண்டில் பிரிட்டிஷ் இராணுவ இலாகா, காலாட்படைக்கு ஏற்ற தூரமானி ஒன்று வேண்டுமென்று விளம்பரம் செய்தது. லீட்ஸ் நகரக் கல்லூரியில் பேராசிரியர்களாக இருந்த ஆர்ச்சிபால்டு பார், வில்லியம் ஸ்ட்ரவுட் என்னும் இருவர் அதனைச் செய்ய முன்வந்தனர். இராணுவம் அவர்கள் கருவியை ஏற்கவில்லை. ஆனால் சில ஆண்டுகளில் கடற்படை ஏற்றுக்கொண்டது. எதிரிக் கப்பல் எவ்வளவு தூரத்தில் நிற்கிறது என்று அறிந்தாலன்றிக் குண்டு இலக்கில் விழாதல்லவா? இவ்வாறு அழிப்பதற்காகத் தூரம் அளந்த கருவி, பிற்காலத்தில் மனிதனின் முகத்தை அருகிருந்து காண உதவியது. லென்ஸோடு இணைந்த தூரமானியை 1916-ஆம் ஆண்டிலேயே கோடக் கம்பெனி ஒரு காமிராவில் பொருத்தியது. எனினும் அது மடித்து விரிக்கும் பெரிய காமிரா. சிறிய காமிராவில் அது பொருந்துவதற்கு வேறொருவர் முதலில் வழி திறக்க வேண்டியிருந்தது.

அவர் பெயர் ஆஸ்கார் பர்னாக். 1879-ஆம் ஆண்டில் ஜெர்மனியில் பிறந்தவர். யேனா நகரத்து ஜைஸ் ஆலையில் வேலை பார்த்துவிட்டு, 1911-ஆம் ஆண்டில் வெட்ஸ்லார் என்னும் சிற்றூருக்கு வந்தார். அங்கே எர்ன்ஸ்ட் லைட்ஸ் என்பவரின் பெயரால் விளங்கிய ஆலை, நுண்பெருக்கிகள் செய்வதில் பேர் பெற்றிருந்தது. பர்னாக் படம் எடுப்பதில் ஆர்வம் மிகுந்தவர்; ஆனால் ஆஸ்துமா நோயாளி. அந்நாளையக் காமிராவோ பெரிய மரப்பெட்டி. கண்ணாடித் தகடுகளும் முக்காலியும் சேர்ந்தால் ஒரு சுமை. அதனைத் தூக்கிக்கொண்டு குன்று ஏறுவது அவருக்கு இயலாத காரியமாக இருந்தது. ‘நெகடிவ் சிறிதாக இருக்கட்டும், படத்தைப் பிறகு பெரிதாக்கிக்கொள்வோம்’ என்பதே அவர் கண்ட வழி.

சிறிய நெகடிவுக்கு எதைப் பயன்படுத்துவது? திரைப்படத்துக்கான 35 மில்லிமீட்டர் பிலிம் அப்போது எங்கும் கிடைத்தது. திரைப்படத்தில் ஒரு கட்டத்தின் அளவு 18-க்கு 24 மில்லிமீட்டர். பர்னாக் இரண்டு கட்டங்களைச் சேர்த்து 24-க்கு 36 மில்லிமீட்டர் என்று கொண்டார். இன்றும் உயர்ந்த டிஜிட்டல் காமிராக்களில் ‘முழுச் சட்டகம்’ எனப்படும் அளவு இதுவே. நூறாண்டுக்கு முன் ஒரு நோயாளித் தொழிலாளி தம் வசதிக்காக வகுத்த அளவை உலகம் இன்னும் கைவிடவில்லை என்பது எண்ணத்தக்கது.

அவர் செய்த முதல் மாதிரிகள் 1913, 1914 ஆண்டுகளைச் சேர்ந்தவை. 1914-இல் போர் மூண்டது. படைதிரட்டும் அரசாணை வெட்ஸ்லார் தெருவில் ஒட்டப்பட்ட காட்சியைப் பர்னாக் அச்சிறு காமிராவால் எடுத்த படம் இன்றும் உள்ளது. போர் முடிந்த பின் ஜெர்மனியின் பொருளாதாரம் சீர்குலைந்தது. பணத்தின் மதிப்பு நாளுக்கு நாள் சரிந்தது. அத்தகைய வேளையில், நுண்பெருக்கி ஆலை ஒன்று, யாரும் கேட்டறியாத புதுக் காமிராவில் முதலீடு செய்யலாமா? 1923-இல் சோதனைக்காக இருபதுக்கு மேற்பட்ட காமிராக்களைச் செய்து பார்த்தனர். 1924-ஆம் ஆண்டில் ஆலையின் ஆலோசனைக் கூட்டத்தில் கருத்து வேற்றுமை மிகுந்தது. தந்தைக்குப் பின் ஆலைத் தலைமை ஏற்றிருந்த இரண்டாம் எர்ன்ஸ்ட் லைட்ஸ், பொறுப்பைத் தாமே ஏற்று, செய்வதென்று முடிவு கூறினார். மறு ஆண்டு, 1925-இல், லைப்சிக் வசந்தச் சந்தையில் அக்காமிரா விற்பனைக்கு வந்தது. லைட்ஸ், காமிரா என்னும் இரு சொற்களின் முதலெழுத்துகளைச் சேர்த்து அதற்கு ‘லைகா’ என்று பெயரிட்டனர். அதன் லென்ஸை வகுத்தவர் மாக்ஸ் பெரெக் என்னும் அறிஞர்.

முதல் லைகாவில் தூரமானி உள்ளே இணைக்கப்படவில்லை. தனியாக ஒன்றை மேலே செருகி, தூரத்தை அளந்து, அவ்வெண்ணை லென்ஸ் வளையத்தில் கையால் அமைக்க வேண்டும். 1932-இல் வந்த இரண்டாம் லைகாவில்தான் தூரமானி லென்ஸோடு இணைந்தது. அதே ஆண்டில் டிரெஸ்டன் நகரத்து ஜைஸ் ஐகான் கம்பெனி ‘காண்டாக்ஸ்’ என்னும் போட்டிக் காமிராவை வெளியிட்டது. 1936-இல் வந்த இரண்டாம் காண்டாக்ஸ், பார்வைச் சாளரத்தையும் தூரமானியையும் ஒரே கண்துளைக்குள் அமைத்தது. லைகா அவ்வசதியை அடைய 1954-ஆம் ஆண்டு வரை, அதாவது எம்-3 வெளிவரும் வரை, காத்திருக்க வேண்டியிருந்தது. பர்னாக் அதைக் காணவில்லை. அவர் 1936-ஆம் ஆண்டு ஜனவரியில் காலமானார்.

நல்ல கருவி ஒன்று பிறந்தால் உலகம் அதைப் பார்த்துச் செய்யத் தொடங்கும். உக்ரெய்னிலுள்ள கார்கோவ் நகரில், ஆதரவற்ற பிள்ளைகளுக்காக ஒரு கூட்டு வாழ்வுப் பள்ளி இருந்தது. அதனை நடத்தியவர்களுள் முதன்மையானவர் அன்டன் மகரென்கோ என்னும் கல்வியாளர். ஆசிரியப் பயிற்சி பெற்ற எவரும் அறிந்த பெயர் அது. தெருவிலே திரிந்த சிறுவர்களைத் திட்டிப் பயனில்லை, நுட்பமான வேலையை அவர்கள் பொறுப்பில் விடுங்கள் என்பதே அவர் கொள்கையின் சாரம். அப்பிள்ளைகள் லைகாவைப் பார்த்து 1934-ஆம் ஆண்டு முதல் ‘பெட்’ என்னும் காமிராவைச் செய்தனர். ஆயிரத்தில் ஒரு பங்கு மில்லிமீட்டர் பிசகினாலும் பழுதாகும் வேலையை அவர்கள் கற்றுக்கொண்டார்கள்.

அதே 1934-இல் ஜப்பானில் மற்றொரு முயற்சி நடந்தது. கோரோ யோஷிடா என்பவர் லைகா ஒன்றைப் பிரித்துப் பார்த்தார். உள்ளே வைரமும் இல்லை, வைடூரியமும் இல்லை. பித்தளை, அலுமினியம், இரும்பு, ரப்பர் இவையே இருந்தன. இவற்றைச் சேர்த்ததற்கா இவ்வளவு விலை என்று வியந்து, தாமே செய்யப் புகுந்தார். கருணையே உருவான போதிசத்துவர் அவலோகிதேசுவரருக்கு ஜப்பானியர் வழங்கும் பெயரால் தம் காமிராவுக்கு ‘க்வானன்’ என்றும், புத்தரின் சீடர் காசியபரின் பெயரால் லென்ஸுக்குக் ‘காசியபா’ என்றும் பெயர் சூட்டினார். அப்பெயரே பின்னர்க் ‘கேனன்’ என்று மாறி உலகப் புகழ் பெற்றது.

இனி, இக்கதையில் நாம் நின்று சிந்திக்க வேண்டிய பகுதிக்கு வருகிறோம். 1933-இல் ஹிட்லர் ஆட்சிக்கு வந்தார். யூதர்களின் வேலையும் கல்வியும் உடைமையும் ஒவ்வொன்றாகப் பறிக்கப்பட்டன. வெட்ஸ்லாரிலிருந்த லைட்ஸ், யூதர்களைத் தம் ஆலையில் பயிற்சிக்குச் சேர்த்தும், அமெரிக்கா முதலிய நாடுகளிலிருந்த தம் கிளைகளுக்கு ஊழியர்களாக அனுப்பியும் பலரைத் தப்புவித்தார். லைகா விற்பனை அந்நியச் செலாவணியை ஈட்டித் தந்ததால் அரசு அந்த ஆலையை எளிதில் முடக்க விரும்பவில்லை. அவருடைய மகள் எல்சி கூன்-லைட்ஸ், யூதப் பெண் ஒருவர் சுவிட்சர்லாந்துக்குத் தப்ப உதவியதற்காக 1943-இல் இரகசியப் போலீஸாரால் சிறையிடப்பட்டார்.

இதை மட்டும் கூறி நிறுத்தினால் அது சரித்திரம் ஆகாது. அதே ஆலை போர்க் காலத்தில் ஜெர்மன் படைகளுக்கு வேண்டிய கருவிகளையும் செய்தது. உக்ரெய்னிலிருந்து பலவந்தமாகக் கொண்டுவரப்பட்ட பெண்கள் அங்கே வேலை செய்தனர். அவர்கள் நிலையைச் சீராக்க எல்சி முயன்றார் என்பதும் உண்மை. அவர்கள் அங்கே அடைபட்டிருந்தனர் என்பதும் உண்மை. ஒரே கூரையின் கீழ் இரண்டும் நடந்தன. காமிராவிற்கு அறமும் தெரியாது, மறமும் தெரியாது. அதனைச் செய்தவரும் பயன்படுத்தியவருமே பொறுப்பாளிகள்.

பயன்படுத்தியவர்களைப் பற்றியும் ஓர் எடுத்துக்காட்டுச் சொல்கிறேன். 1945-ஆம் ஆண்டு மே மாதம் 2-ஆம் தேதி, பெர்லின் பாராளுமன்றக் கட்டிடத்தின் உச்சியில் சோவியத் வீரர் கொடி நாட்டும் காட்சியை எவ்கேனி கால்தேய் என்பவர் லைகாவால் எடுத்தார். உலகறிந்த படம் அது. ஆனால் அப்படம் வெளியானபோது, வீரர் ஒருவரின் மணிக்கட்டில் தெரிந்த இரண்டாவது கடிகாரம் அழிக்கப்பட்டிருந்தது. இரண்டு கையிலும் கடிகாரம் இருந்தால் கொள்ளையடித்ததாக எண்ணுவார்களே என்ற அச்சம்! வானத்தில் புகையும் கூட்டப்பட்டிருந்தது. அழிக்கப்படாத வடிவமும் எஞ்சியிருந்தமையால் இவ்வுண்மை நமக்குத் தெரிகிறது. இல்லாத காட்சியையும் கணினியே தீட்டிக் காட்டிவிடுகிற நம் காலத்தில், நெகடிவ் என்னும் மூலச் சான்றின் மதிப்பு மாணவர்களுக்கு விளங்காமற் போகாது. ஆயினும் நெகடிவ் கூட எடுத்தவர் நின்ற இடத்திலிருந்தே பேசுகிறது என்பதை மறக்கலாகாது.

நம் நாட்டோடு இக்கருவிக்கு உண்டான தொடர்பும் சிறப்பானது. ஹென்றி கார்த்தியே-பிரேசோன் என்னும் பிரெஞ்சுக்காரர் 1930-களின் தொடக்கத்திலிருந்து லைகாவைத் தம் கண்ணைப் போல் பயன்படுத்தியவர். 1948-ஆம் ஆண்டு ஜனவரி 30-ஆம் தேதி டெல்லியில் அவர் காந்தியடிகளைச் சந்தித்தார். சந்தித்துத் திரும்பிய சிறிது நேரத்துக்கெல்லாம் அடிகள் சுடப்பட்டார். இருட்டில், பிர்லா மாளிகையின் வாயிற்கதவு மீது ஏறி நின்று நேரு அச்செய்தியை அறிவித்த காட்சி அவர் பிலிமில் பதிந்தது. அது சற்று அசைந்து, மங்கலாகவே இருக்கிறது. ஆனால் அந்த இரவின் துயரத்தை அதைவிடத் தெளிவாகச் சொல்லும் படம் வேறொன்று உண்டோ? 1950-ஆம் ஆண்டு ஏப்ரலில் அவர் திருவண்ணாமலைக்கு வந்தார். ரமண மகரிஷியின் இறுதி நாட்களை அங்கிருந்து படமெடுத்தார். ஏப்ரல் 14-ஆம் தேதி இரவு மகரிஷி மறைந்த வேளையில் வானில் ஓர் ஒளி மெல்ல நகர்ந்து சென்றதைக் கண்டதாக அவரே கூறியிருக்கிறார். நோயுற்ற ஒரு முதியவரின் அருகே, மின்னல் விளக்கும் முக்காலியும் இல்லாமல், அமைதியைக் குலைக்காமல் அமர்ந்து படமெடுக்க ஏற்றதாக அக்காமிரா இருந்தது. அதன் ஷட்டர் ஓசை மெல்லியது. அதன் உருவம் யாரையும் மிரட்டுவதில்லை.

1959-இல் ஜப்பானிய நிக்கான் கம்பெனி ‘எப்’ என்னும் காமிராவை வெளியிட்டது. அதில் லென்ஸ் காணும் காட்சியையே கண்ணாடி வழியாக நாமும் காணலாம். தொலைவுக் காட்சிக்கும் மிக நெருங்கிய காட்சிக்கும் அதுவே ஏற்றது. ஆதலால் தொழில்முறையாளர் பெரும்பாலோர் நாளடைவில் அதன் பக்கம் சென்றனர். தூரமானிக் காமிராவின் பொற்காலம் அத்துடன் முடிந்தது. ஆயினும் செய்யப்பட்டவை அழிந்துவிடவில்லை. எம்-3 மட்டுமே 2 லட்சத்துக்கும் மேல் செய்யப்பட்டது. அவற்றுள் பல, எழுபது ஆண்டு கடந்தும் இயங்குகின்றன. தேய்ந்த பாகத்தைக் கழற்றி, துடைத்து, எண்ணெயிட்டு, வேண்டுமானால் புதிதாகக் கடைந்து பொருத்தலாம் என்பதே காரணம்.

இனி, வாங்க நினைக்கும் மாணவருக்குச் சில சொற்கள். பழைய காமிரா வாங்குவது சரித்திர மாணவன் ஓர் ஆவணத்தைச் சோதிப்பதைப் போன்றது. விற்பவர் சொல்லும் கதையைக் கேளுங்கள். ஆனால் பொருளையே சாட்சியாகக் கொள்ளுங்கள். 2022-ஆம் ஆண்டில், பர்னாக் தாமே வைத்திருந்த 1923-ஆம் ஆண்டுச் சோதனைக் காமிரா ஒன்று ஏலத்தில் 1 கோடியே 44 லட்சம் யூரோவுக்கு விலைபோனது. இத்தகைய விலை உள்ள இடத்தில் போலிகளும் இருப்பது இயல்பே. சோவியத் நாட்டுப் ‘பெட்’, ‘ஸோர்க்கி’ காமிராக்களின் மேல் லைகா என்று செதுக்கி, ஜெர்மன் இராணுவ முத்திரையும் பொறித்து, தங்க முலாமும் பூசி விற்பவர்கள் உண்டு. லென்ஸைக் கழற்றி உள்ளே பாருங்கள். தூரமானிக்குச் செல்லும் நெம்புகோலின் நுனியில் லைகாவில் சிறு உருளை இருக்கும். அச்சோவியத் காமிராக்களில் ஆப்பு போன்ற முனை இருக்கும். மேலே எழுதியிருப்பதை மாற்றலாம். உள்ளே இருப்பதை மாற்றுவது கடினம். ‘ஸோர்க்கி’ என்றே சொல்லி விற்கப்படும் ஸோர்க்கியில் எந்தக் குற்றமும் இல்லை. குறைந்த பொருளில் கற்றுக்கொள்ள அதுவும் கேனனின் பழைய காமிராக்களும் போதும். 1966-இல் வந்த யாஷிகா எலெக்ட்ரோ போன்றவை மின்கலம் வேண்டுபவை என்பதை மட்டும் அறிந்து வாங்குங்கள்.

அடுத்து ஐந்து சோதனைகள். முதலாவது, ஷட்டரை ஒவ்வொரு வேகத்திலும் இயக்கிப் பாருங்கள். ஒரு விநாடி என்று குறித்த வேகம் நடுவில் நின்றால், உள்ளே எண்ணெய் உறைந்திருக்கிறது என்று பொருள். சில சோவியத் காமிராக்களில் ஷட்டரை ஏற்றிய பின்னரே வேகத்தை மாற்ற வேண்டும்; முன்னரே திருப்பினால் உள்ளுறுப்புக் கெடும். இரண்டாவது, லென்ஸைக் கழற்றிவிட்டு, துணித் திரையின் பின்னே விளக்கு பிடித்துப் பாருங்கள். ஊசித் துளைகள் தெரிந்தால் பிலிமில் ஒளி கசியும். மூன்றாவது, வெகு தூரத்திலுள்ள கோபுரத்தையோ நிலவையோ நோக்கி லென்ஸை முடிவிலிக் குறியில் வையுங்கள். இரண்டு உருவங்களும் பக்கவாட்டிலும் மேல்கீழாகவும் பொருந்த வேண்டும். நான்காவது, லென்ஸின் பின்புறத்திலிருந்து கைவிளக்கின் ஒளியைப் பாய்ச்சிப் பாருங்கள். சிலந்தி வலை போன்ற கோடுகள் தெரிந்தால் அது பூஞ்சை. நம் கடற்கரை ஊர்களின் ஈரக் காற்று அதற்கு மிகவும் உகந்தது. ஐந்தாவது, பழுது பார்ப்பவர் ஒருவரை முன்னதாகவே கண்டறிந்து, அவர் கேட்கும் கூலியையும் விலையோடு சேர்த்துக் கணக்கிடுங்கள்.

பயன்படுத்துவதற்கும் சில ஒழுங்குகள் உண்டு. பழைய லைகாவில் பிலிமை அடிப்புறமாக ஏற்ற வேண்டும். அதற்குப் பிலிமின் முனையை ஏறத்தாழ 10 சென்டிமீட்டர் நீளத்துக்குக் குறுகலாகக் கத்தரித்துக்கொள்ள வேண்டும். ஏற்றிய பின் பிலிமை நகர்த்தும்போது, திரும்பச் சுற்றும் குமிழ் தானாகச் சுழல்கிறதா என்று பாருங்கள். சுழலவில்லையானால் பிலிம் நகரவில்லை. சாளரம் வேறு, லென்ஸ் வேறு ஆதலால், லென்ஸின் மூடி கழற்றப்படாமல் இருந்தாலும் காட்சி அழகாகவே தெரியும். பிலிமில் ஒன்றும் பதியாது. மிக அருகில் உள்ளவரை எடுக்கும்போது தலைக்கு மேல் சிறிது இடம் விடுங்கள். திறந்த லென்ஸை நடுப்பகல் சூரியனை நோக்கி வைத்திருக்காதீர்கள். பூதக்கண்ணாடி காகிதத்தை எரிப்பது போல அது துணித் திரையைத் துளைத்துவிடும்.

ஒளியை அளக்கும் கருவி இல்லையே என்று கலங்க வேண்டா. நல்ல வெயிலில் துவாரத்தை 16-இல் வைத்து, பிலிமின் வேக எண் 100 ஆனால் ஷட்டரை 125-இல் ஒரு பங்கு விநாடியில் வையுங்கள். மெல்லிய மேகம் மறைத்தால் துவாரத்தை 11-க்கும், கருமேகம் சூழ்ந்தால் 8-க்கும் 5.6-க்கும் திறவுங்கள். தெருவில் விரைந்து நடக்கும் காட்சிகளுக்குத் தூரமானியைக்கூட எதிர்பார்க்க வேண்டியதில்லை. 50 மில்லிமீட்டர் லென்ஸை 5 மீட்டரில் நிறுத்தி, துவாரத்தை 8-இல் வைத்தால், ஏறத்தாழ மூன்றரை மீட்டரிலிருந்து ஒன்பதரை மீட்டர் வரை எல்லாம் தெளிவாக விழும். சில வாரங்கள் பழகினால் வெயிலின் அளவையும் எதிரே நிற்பவரின் தூரத்தையும் உங்கள் கண்ணே சொல்லத் தொடங்கும்.

செலவைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். உதகமண்டலத்தில் 1960-ஆம் ஆண்டில் நிறுவப்பட்ட ஹிந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் ஆலை, ‘இந்து’ என்னும் பெயரில் பிலிம் செய்து நாடெங்கும் அனுப்பிவந்தது. அந்த ஆலை மூடப்பட்டுவிட்டது. இன்று பெரும்பாலும் அயல்நாட்டுப் பிலிமை வாங்க வேண்டியிருப்பதால் ஒவ்வொரு சுருளும் மாணவனுக்குச் சுமையே. ஒரு சுருளில் 36 படங்கள்தாம். ஆனால் அந்த எண்ணிக்கையே ஓர் ஆசான். எதை எடுப்பது, எதை விடுவது என்று எடுக்குமுன் எண்ணிப் பார்க்கச் செய்கிறது. எடுத்த தேதியையும் இடத்தையும் ஒரு குறிப்பேட்டில் எழுதிவைத்து, நெகடிவ்களை ஈரம் படாத உறையில் இட்டுப் பாதுகாத்தால், நாற்பது ஆண்டு கழித்து உங்கள் ஊரின் சரித்திரத்தை எழுதுபவர் உங்களுக்கு நன்றி சொல்வார்.

இக்கருவி வெளிச்சத்தை முடிவு செய்யாது; தூரத்தை முடிவு செய்யாது; கணத்தையும் முடிவு செய்யாது. மூன்றையும் எடுப்பவரே முடிவு செய்ய வேண்டும். எடுத்த படத்துக்கு அவரே பொறுப்பு. நூறு படத்தில் தொண்ணூறு வீணானாலும், ஏன் வீணாயிற்று என்று அவரால் சொல்ல முடியும். இவ்வாறு தன் செயலுக்குத் தானே காரணம் காட்டக் கற்பதைவிடப் பெரிய கல்வி வேறில்லை. ஆகவே, வீட்டில் பரணிலோ பெட்டியிலோ பழைய காமிரா ஒன்று இருக்குமானால், அதனை விற்றுவிடுமுன் எடுத்துத் துடைத்துப் பாருங்கள். யாரிடமிருந்து வந்தது, யாரை எடுத்தது என்று வீட்டுப் பெரியவர்களைக் கேளுங்கள். பிறகு ஒரு சுருள் பிலிம் வாங்கி, முதற் படமாக அவர்களையே எடுங்கள்.